செப்டம்பர் 24: நிறுத்தக்குறிக்கு ஒரு நாள் தேவையா?

#1 கடைசிப்புரூஃப் (சென்னை)

வருகிற செப்டம்பர் 24 அமெரிக்காவில் தேசிய நிறுத்தக்குறி நாள். அரசு விடுமுறையெல்லாம் கிடையாது. பள்ளிக்கூடங்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் பதிப்பகங்களிலும்தான் அதைப் பற்றிப் பேசுவார்கள். 2004இல் இதைத் தொடங்கியவர் ஜெஃப் ரூபின். கலிபோர்னியாக்காரர், செய்தித்தாள் நிருபராக இருந்தவர். காலையில் பேப்பரை விரித்து, தப்பான கமாவையும் இடம் மாறிய அபாஸ்ட்ரஃபியையும் (ஆங்கில எழுத்தின் மேல் ஓரத்தில் வரும் கமா போன்ற குறி) சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக் குமுறிக்கொண்டிருந்த மனிதர், அந்தக் குமுறலுக்கென்றே ஒரு நாளை ஒதுக்கிவிட்டார். அவரும் மனைவியும் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே நிறுத்தக்குறி சொல்லிக்கொடுத்தார்கள். கேள்விக்குறி வடிவத்தில் மீட்லோஃப் என்ற கொத்திறைச்சிப் பண்டம் சுடும் செய்முறைகூட அந்த நாளின் பேரில் உண்டு.

எனக்கு இதில் அக்கறை வந்தது தொழிலால். சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க மருத்துவ ஆய்விதழ்களுக்குக் காப்பி எடிட்டிங் செய்கிறேன். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் புத்தகங்களும் ஆய்விதழ்களும் சென்னையிலும் புதுச்சேரியிலும் திருத்தப்பட்டு டைப்செட் ஆகிப் போவது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் நாள் முழுக்க கமாவோடும் அரைப்புள்ளியோடும்தான் கழிகிறது.

மருந்தளவில் ஒரு புள்ளி என்ன செய்யும் என்று சொல்கிறேன். 0.5 மில்லிகிராம் என்பதை முன்னால் பூஜ்யம் இல்லாமல் வெறும் .5 என்று எழுதினால், புள்ளி மங்கிப்போனதும் அது 5. ஒரு மில்லிகிராமை 1.0 என்று எழுதினால், புள்ளி கண்ணில் படாதபோது அது 10. இரண்டிலும் நோயாளிக்குப் போவது பத்து மடங்கு மருந்து. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன், இந்த இரண்டு எழுத்துமுறையும் கூடாது என்று பட்டியல் வெளியிட்டதும் அதே 2004இல்தான்.

ஆனால் ரூபின் அந்த நாளுக்குச் சொன்ன யோசனைகளில் ஒன்று என்னை உறுத்துகிறது. தெருவில் நிதானமாக நடந்துபோங்கள், கடைப் பலகைகளைக் கவனியுங்கள், தப்பு இருந்தால் உள்ளே போய் உரிமையாளரிடம் சொல்லுங்கள் என்கிறார். கடைப் பலகையில் அபாஸ்ட்ரஃபி தவறினால் தக்காளி விலை மாறிவிடாது. மருந்துச்சீட்டில் புள்ளி தவறினால் ஆள் பிழைப்பதே கஷ்டம். இரண்டையும் ஒரே பிழையாகப் பார்க்கிற நாளை எப்படிக் கொண்டாடுவது? எங்கள் அலுவலகத்தில் இந்த ஆண்டு ஏதாவது செய்யலாம் என்று பேச்சு அடிபடுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 சும்மாஇரு (திருப்பூர்)

கேட்டுட்டீங்க, சொல்றேன். இந்த மாதிரி நாளே வேண்டாம்.

நான் பனியன் எக்ஸ்போர்ட்ல மெர்ச்சண்டைசர். பையருக்கு மெயில் போடுறதுதான் பொழப்பு. முன்னாடி இருந்த ஒரு கம்பெனில, நான் போட்ட மெயிலை ஒருத்தர் பிரிண்ட் எடுத்து, கமா இல்லாத இடமெல்லாம் சிவப்புல சுழிச்சு, ஃப்ளோர்ல எல்லாரும் பாக்குற இடத்துல ஒட்டினார். அந்த மெயில்ல பர்ச்சேஸ் ஆர்டர் நம்பர் சரி, பீஸ் எண்ணிக்கை சரி, ஷிப்மென்ட் தேதி சரி. பையருக்குப் புரிஞ்சு அன்னிக்கே அப்ரூவல் வந்துடுச்சு. ஆனா ஃப்ளோர்ல பேசினது என் கமாவைப் பத்தித்தான். தமிழ் மீடியத்துல படிச்சவனுக்கு இங்கிலீஷ் மெயில்ல கை நடுங்குறது எப்படின்னு கான்வென்ட்ல படிச்சவங்களுக்குத் தெரியாது. அந்த நடுக்கத்தோட மேல சிவப்புப் பேனாவை வெச்சு அழுத்துறதுக்கு ஒரு நாள் வேற எதுக்குங்க?

#3 கடைசிப்புரூஃப் (சென்னை)

@சும்மாஇரு, அது அநியாயம். எங்கள் தொழிலில் அப்படிச் செய்தால் வேலை போய்விடும். எழுதினவரின் வரியில் சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு க்வெரி போடுவோம். 'இந்த இடத்தில் நீங்கள் சொல்ல வந்தது இதுவா, அதுவா?' என்று மட்டும் கேட்போம். அது அவருக்கு மட்டும்தான் போகும். அவர் சொல்லாமல் பொருளைத் தொட மாட்டோம். உங்கள் மெயிலில் நான் க்வெரி போட ஒன்றுமே இருந்திருக்காது. பொருள் போய்ச் சேர்ந்துவிட்டதே.

#4 சார்லஸ்நதி (பாஸ்டன்)

என் மகள் மூன்றாம் வகுப்பு. அவள் பள்ளியில் இந்த நாளை வைத்தார்கள். யாரையும் திருத்தவில்லை. ஒரு பத்தியை நிறுத்தக்குறியே இல்லாமல் அச்சடித்துக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு இடத்தில் மூச்சு விட்டது, கதையும் ஒவ்வொரு விதமாகப் போனது. பிறகு ஆளுக்கொரு குறியை அட்டையில் வெட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிக்குள் போய் நின்றார்கள். கேள்விக்குறிக்குத்தான் பெரிய போட்டியாம். அரைப்புள்ளியை யாரும் சீண்டவில்லை.

பெரியவர்கள் கொண்டாடுகிற விதம்தான் சரியில்லை என்று தோன்றுகிறது. இந்த நாட்டில் அரசாங்கமே இதில் ஒரே நிலையில் இல்லை. புவியியல் பெயர்களுக்கான அமெரிக்க வாரியம் 1890இல் தொடங்கியதிலிருந்து, ஊர்ப்பெயரில் உடைமை காட்டும் அபாஸ்ட்ரஃபியை எடுத்துவிடுகிறது. கொலராடோ மலை பைக்ஸ் பீக், வெஸ்ட் வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி, இரண்டிலும் அந்தக் குறி இல்லை. நாடு முழுவதிலும் ஐந்தே ஐந்து இடங்களுக்குத்தான் விதிவிலக்கு. எங்கள் மாசசூசெட்ஸில் இருக்கும் மார்த்தாஸ் வினியார்ட் தீவுக்கு 1933இல் முதலில் கிடைத்தது. இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நிலப்படத்தைத் திருத்த உட்கார்ந்தால் ஆயுள் போதாது.

#5 கறுப்புக்கோட்டு (மதுரை)

கடைப் பலகை, மெயில், ஊர்ப்பெயர் மூன்றையும் விடுங்கள். நிறுத்தக்குறிக்கு உண்மையில் எங்கே எடை என்று பார்க்க வேண்டுமானால் மேய்ன் மாநிலத்துப் பால் வண்டி ஓட்டுநர்களின் வழக்கைப் படிக்க வேண்டும். நான் இளம் வழக்குரைஞர்களுக்கு இதைச் சொல்லாமல் விடுவதில்லை. விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்ட்லண்ட் நகரில் ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் நிறுவனம். அதன் ஓட்டுநர்கள் சிலர் ஓவர்டைம் கேட்டு 2014இல் வழக்குப் போட்டார்கள். மேய்ன் சட்டப்படி வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேல் பார்க்கிற வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி. ஆனால் வேளாண் விளைபொருள், இறைச்சி, மீன், கெட்டுப்போகும் உணவு ஆகியவற்றில் சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு. அந்த வேலைகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள்: டப்பாவில் அடைத்தல், பதப்படுத்தல், கெடாமல் காத்தல், உறையவைத்தல், உலர்த்தல், சந்தைப்படுத்தல், சேமித்தல். ஒவ்வொன்றுக்கும் இடையில் கமா உண்டு. கடைசியில் வந்தது 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்'. ஷிப்மென்டுக்குப் பிறகு கமா இல்லை.

நிறுவனம் சொன்னது: பொதி கட்டுவது ஒரு வேலை, வினியோகம் இன்னொரு வேலை, இரண்டுக்குமே விலக்கு, ஓட்டுநர் செய்வது வினியோகம், ஆகவே ஓவர்டைம் இல்லை. ஓட்டுநர்கள் சொன்னது: அனுப்புவதற்காகவோ வினியோகத்துக்காகவோ பொதி கட்டுவது என்ற ஒரே வேலையைத்தான் சட்டம் சொல்கிறது, நாங்கள் பொதி கட்டுவதில்லை, கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

இரண்டு பக்கமும் சும்மா பேசவில்லை. ஷிப்மென்டும் டிஸ்ட்ரிபியூஷனும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒன்றையே இரண்டு முறை சட்டம் சொல்லுமா என்று நிறுவனம் கேட்டது. மேய்ன் சட்டமன்றத்தின் வரைவுக் கையேடே பட்டியலின் கடைசி உருப்படிக்கு முன் கமா வேண்டாம் என்று சொல்வதையும் எடுத்துக் காட்டியது. ஓட்டுநர் தரப்போ, பட்டியலில் உள்ள வேலைகள் அத்தனையும் ஆங்கிலத்தில் 'இங்' என்று முடிகின்றன, டிஸ்ட்ரிபியூஷன் அப்படி முடியவில்லை, அது ஷிப்மென்டோடு சேர்ந்த சொல், தனி வேலை அல்ல என்றது. இதைவிட நல்ல இலக்கண வாதத்தை நான் நீதிமன்றத்தில் கேட்டதில்லை.

கீழ்நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2017 மார்ச்சில், பாஸ்டனில் இருக்கும் முதல் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. ஒரு கமா இல்லாத குறையால்தான் இந்த வழக்கே வந்தது என்ற பொருளில் நீதிபதி டேவிட் பேரன் தீர்ப்பைத் தொடங்குகிறார். வரி இரண்டு விதமாகவும் வாசிக்க இடம் தருகிறது. கூலியைக் காக்க வந்த சட்டம் என்பதால் தொழிலாளிக்குச் சாதகமாக வாசிக்க வேண்டும் என்பது முடிவு. 2018இல் நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

#6 சும்மாஇரு (திருப்பூர்)

வக்கீல் சார், நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? கமா *இல்லாததால* தானே டிரைவருக்குக் காசு கிடைச்சுது? ஒழுங்கா கமா போட்டிருந்தா அவங்க வெறுங்கையோட வீட்டுக்குப் போயிருப்பாங்க. அப்போ செப்டம்பர் 24 அன்னிக்கு அந்த டிரைவர் எதைக் கொண்டாடணும்?

#7 கறுப்புக்கோட்டு (மதுரை)

@சும்மாஇரு, சரியான இடத்தில் பிடித்தீர்கள். அடுத்து நடந்ததையும் சொல்கிறேன். தீர்ப்பு வந்த அதே 2017இல் மேய்ன் சட்டமன்றம் அந்த வரியைத் திருத்தியது. கமா எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, உருப்படிக்கு உருப்படி அரைப்புள்ளி போட்டார்கள். டிஸ்ட்ரிபியூஷனை டிஸ்ட்ரிபியூட்டிங் என்று மாற்றினார்கள். ஓட்டுநர் தரப்பு கேட்ட 'இங்' அதில் வந்துவிட்டது. இப்போது வினியோகம் தனி வேலைதான், சந்தேகமே இல்லை. அடுத்த ஓட்டுநருக்கு அந்த வழி அடைபட்டது. குறி சரியானது, கூலி போனது.

#8 கடைசிப்புரூஃப் (சென்னை)

இதை நான் இரண்டு நாளாக யோசித்தேன். கொண்டாட வேண்டிய பக்கம் எது என்ற கேள்விக்கு என் பதில் இது: குறி யார் பக்கமும் நிற்காது, நிற்கவும் கூடாது. ஓட்டுநருக்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டுமா என்பது சட்டமன்றத்தில் வாக்குக் கேட்டு ஜெயித்தவர்கள் முகம் பார்த்துச் சொல்ல வேண்டிய பதில். அரைகுறை வரியை எழுதி வைத்துவிட்டு, அந்தப் பதிலை வக்கீல் கையில் விட்டுவிட்டார்கள். முதலிலேயே தெளிவாக எழுதியிருந்தால், வேலைக்குச் சேரும் அன்றே ஓட்டுநருக்குத் தெரிந்திருக்கும்: இந்த வேலையில் ஓவர்டைம் கிடையாது. சேர்வதா வேண்டாமா, கூடுதல் சம்பளம் கேட்பதா, சங்கம் வைத்துச் சட்டத்தையே மாற்றச் சொல்வதா என்று அன்றே முடிவெடுத்திருப்பார். வரி மழுங்கலாக இருந்ததால் எத்தனையோ வருஷம் உழைத்த பிறகு, வழக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வழக்குப் போடத் தெம்பில்லாதவர் தெரிந்துகொள்ளவே முடியாது.

அவர்கள் ஜெயித்ததில் எனக்கு மனம் நிறைந்த சந்தோஷம். அந்த நீதிமன்றம் தொழிலாளி பக்கம் வாசித்தது நியாயம். ஆனால் மழுங்கல் எல்லா முறையும் ஏழைக்குச் சாதகமாக விழாது.

#9 வாணி_யாழ் (யாழ்ப்பாணம்)

கடைசிப்புரூஃப் அண்ணா சொல்லுறது உண்மை. மழுங்கல் ஆளையே கொல்லும். ரோஜர் கேஸ்மென்ட் எண்ட ஐரிஷ்காரரைத் தூக்கில போட்ட கதை தெரியுமோ? நான் உயர்தர வகுப்புப் பிள்ளையளுக்கு வரலாறு படிப்பிக்கிற ஆள், அதால சொல்லுறன்.

1916. முதலாம் உலகப்போர். அயர்லாந்து விடுதலைக்கு ஜெர்மனியிட்ட ஆயுத உதவி கேட்டுப் போனவர், திரும்பி வந்த இடத்தில பிடிபட்டார். 1351ஆம் ஆண்டு ராஜதுரோகச் சட்டத்தின் கீழ் வழக்கு. அது நார்மன் பிரெஞ்சில எழுதின சட்டம். அரசனுடைய நாட்டுக்குள்ள அவரின்ர எதிரியளோட சேர்ந்து, அவையளுக்கு நாட்டுக்குள்ளயோ வேற எங்கயுமோ உதவி செய்தால் துரோகம் எண்டு போகுது வரி. கேஸ்மென்ட் செய்தது எல்லாம் ஜெர்மனியில. 'வேற எங்கயும்' எண்டது உதவிக்கு மட்டுமோ, அல்லது துரோகம் செய்யிற இடத்துக்கும் சேர்த்தோ? வரியை எங்க நிறுத்தி வாசிக்கிறது எண்டதிலதான் எல்லாம் கிடந்தது. நீதிபதிமார் பழைய சுருளையே போய்ப் பார்த்தவை. அதில இருக்கிறது குறியோ, தோல் மடிஞ்ச தடமோ எண்டுகூட ஆராய்ஞ்சவை. கடைசியில எங்க செய்தாலும் துரோகம்தான் எண்டு தீர்த்து, 1916 ஆகஸ்ட் 3 லண்டன் பென்டன்வில் சிறையில தூக்கிலிட்டுட்டினம். கமாவில தொங்கினவர் எண்டு அவரைப் பற்றி இண்டைக்கும் சொல்லுவினம்.

அவர் செய்ததை நான் சரி பிழை எண்டு சொல்ல வரேல்லை. ஆனா ஒரு மனுசன்ர கழுத்து அப்பிடி ஒரு வரியில தங்கியிருக்கக்கூடாது.

#10 ஏவூர்தி (திருநெல்வேலி)

மாரினர் 1ஐ விட்டுவிட்டீர்களே. 1962 ஜூலை 22, வெள்ளிக் கோளுக்கு நாசா அனுப்பிய முதல் விண்கலம். ஏவிய 293 விநாடியில் அவர்களே வெடிக்க வைக்க வேண்டியதாயிற்று. வழிகாட்டும் சமன்பாட்டைக் கையால் எழுதியபோது ஒரு குறியீட்டின் தலைக்கு மேல் போட வேண்டிய சின்னக் கோடு விடுபட்டது. சராசரியாக்கிய வேகத்தை எடுத்துக்கொள் என்பதற்கான கோடு அது. அது இல்லாததால், சாதாரண ஏற்ற இறக்கத்தைக்கூடக் கணினி பெரிய விலகல் என்று எண்ணி, ராக்கெட்டை மாற்றி மாற்றித் திருப்பியது. பத்திரிகைகள் அதை ஹைஃபன் என்றே எழுதின, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மொத்தச் செலவு 1 கோடியே 85 லட்சம் டாலர். ஒரு மாதம் கழித்து ஏவிய மாரினர் 2 அந்த டிசம்பரில் போய்ச் சேர்ந்தது.

#11 சார்லஸ்நதி (பாஸ்டன்)

@கடைசிப்புரூஃப், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 'சரியான' நிறுத்தக்குறி என்று அந்த நாள் கொண்டாடுகிறதே, எது சரி? அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் கையேட்டைப் பின்பற்றும் அமெரிக்க நாளேடுகள் எளிய பட்டியலின் கடைசி உருப்படிக்கு முன் கமா போடுவதில்லை. புத்தகப் பதிப்பகங்கள் பின்பற்றும் சிகாகோ கையேடு போடச் சொல்கிறது. ரூபினோ நாளேட்டிலிருந்து வந்தவர். மேற்கோளை முடிக்கும்போது அமெரிக்கர்கள் கமாவை மேற்கோள்குறிக்கு உள்ளே வைக்கிறார்கள், பிரிட்டிஷ்காரர்கள் பெரும்பாலும் வெளியே. மகள் பள்ளியில் ஒன்று படிக்கிறாள், அவள் தாத்தா திருச்சியிலிருந்து கற்றுக்கொடுத்தது வேறு. இருவரும் வீடியோ காலில் இதற்காகச் சண்டை பிடிக்கிறார்கள்.

#12 கடைசிப்புரூஃப் (சென்னை)

இருவருமே சரி. ஒரே நாளில் காலையில் அமெரிக்க இதழுக்கு கமாவை உள்ளே வைப்பேன், மதியம் லண்டன் இதழுக்கு வெளியே எடுப்பேன். அதற்குத்தான் ஒவ்வொரு இதழுக்கும் அதன் வழக்கங்களை எழுதிவைத்த ஒரு ஸ்டைல் ஷீட். ஒரு வீட்டுக்குள் ஒரே வழக்கம் இருந்தால் வாசிப்பவருக்குத் தடுமாற்றம் இல்லை.

ஆனால் எல்லாமே வழக்கம்தான் என்று விட்டுவிடவும் முடியாது. மேற்கோளுக்கு உள்ளே வெளியே என்பதில் பொருள் மாறுவதில்லை. மேய்ன் வரியில் மாறுகிறது, மருந்தளவில் மாறுகிறது. வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் பழக்குவது இந்தப் பிரிவைத்தான். பொருள் மாறுகிற இடத்தில் நின்று, எழுதினவரைக் கேட்டுத் திருத்து. மாறாத இடத்தில் ஷீட் சொல்வதைச் செய்துவிட்டு நகர். கொஞ்ச நாளிலேயே தெரிந்துவிடும், நல்ல எடிட்டர் யார், வெறும் குறி பொறுக்குபவர் யார் என்று. ரூபினின் நாளில் இந்த இரண்டும் கலந்து கிடப்பதுதான் என் மனக்குறை. அவர் பள்ளிகளுக்குப் போனதை மதிக்கிறேன். கடைக்காரரிடம் போகச் சொன்னதை ஏற்க முடியவில்லை.

#13 வாணி_யாழ் (யாழ்ப்பாணம்)

எங்கட பக்கத்துக் கதை ஒண்டும் சொல்லவேணும். ஓலையில எழுதின காலத்தில கமாவும் இல்லை, முற்றுப்புள்ளியும் இல்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் எண்டு மெய்யெழுத்துப் புள்ளியே வைக்காமல் விட்டவை. செய்யுளுக்கு யாப்பு இருந்தது, எங்க நிறுத்திறது எண்டு சந்தமே சொல்லும். அச்சில உரைநடை வந்த பிறகுதான் கரைச்சல். வண்ணார்பண்ணையில பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் நடத்தின ஆறுமுக நாவலர் (1822–1879) தன்ர உரைநடைப் புத்தகங்களில குறியளை ஒழுங்காகப் பாவிச்சவர். தமிழ் உரைநடைக்கு நிறுத்தக்குறியைக் கொண்டுவந்தவர் எண்டு அவரைத்தான் சொல்லுறவை.

அவர் யாருக்காக அதைச் செய்தவர் எண்டு பாருங்கோ. பாலபாடம் படிக்கிற சின்னப் பிள்ளையளுக்காக. பக்கத்தில இருந்து வாசிச்சுக் காட்ட வாத்தியார் இல்லாட்டிலும், பிள்ளை தானே வாசிச்சு விளங்கவேணும் எண்டதுக்காக. பழைய கிரேக்கத்திலயும் இதே கதைதான். கிறிஸ்துவுக்கு முன் மூண்டாம் நூற்றாண்டில, அலெக்சாந்திரியா நூலகத்தில இருந்த அரிஸ்டோஃபனிஸ் மேல, நடு, கீழ எண்டு மூண்டு உயரத்தில புள்ளி வைக்கச் சொன்னது வாசிக்கிறவர் மூச்செடுக்கிறதுக்காக. ஆரையும் பிழை பிடிக்கிறதுக்காகக் குறி வரேல்லை.

#14 சும்மாஇரு (திருப்பூர்)

வாணி டீச்சர் சொன்னது மனசுக்கு ஒப்புது. அப்படின்னா எனக்கும் சொல்ல விஷயம் இருக்கு.

எங்க தொழில்ல உசுரு போற குறி எண்ணுக்குள்ள இருக்கு. ஜெர்மன் பையர் அனுப்புற ஸ்பெக் ஷீட்ல, அதான் அளவுப் பட்டியல்ல, 1,5ன்னு இருக்கும். அது ஒன்றரை சென்டிமீட்டர். அவங்களுக்கு கமாதான் தசமம். ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி வைப்பாங்க: 12.000 பீஸ்னா பன்னிரண்டாயிரம். அமெரிக்கன் பையருக்கு அப்படியே தலைகீழ். நம்ம அக்கவுன்ட்ஸ்ல லட்சத்துக்கு 1,00,000ன்னு கமா போடுவோம், அதே தொகை அவங்க இன்வாய்ஸ்ல 100,000. மூணு வழக்கமும் ஒரே டேபிள்ல ஒரே நாள்ல வந்து விழும். புதுப் பையன் வந்தா நான் முதல்ல கேக்குறது, 'பையர் எந்த நாடு?' அதுக்கப்புறம்தான் ஷீட்டையே கையில கொடுப்பேன். டெக் பேக்ல (துணியோட முழு விவரமும் இருக்கிற கோப்பு) ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்துல மில்லிமீட்டர்ல முழு எண்ணா எழுதி வாங்கிடுவேன். 15ன்னு எழுதினா குழப்பமே இல்ல. குறி தகராறு பண்ணும்னா குறி தேவையில்லாத மாதிரி எழுதிடணும்.

என் மெயில்ல கமா தேடினவருக்கு இதுல ஒண்ணும் தெரியாது.

#15 கடைசிப்புரூஃப் (சென்னை)

@சும்மாஇரு, இந்த இழையில் தொழில் தெரிந்து எழுதிய பதிவு இதுதான். மேய்ன் சட்டமன்றம் கடைசியில் செய்ததும் இதையேதான். கமா சண்டைக்கே இடம் வைக்காமல் வரியை மாற்றி எழுதியது. மருந்து விஷயத்திலும் 0.5 மில்லிகிராமை 500 மைக்ரோகிராம் என்று எழுதினால் புள்ளியே வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் 24ஆம் தேதி ஏதாவது வைத்தால் உங்கள் மூன்று வழக்கத்தையும் பலகையில் எழுதிப்போட அனுமதி தருவீர்களா?

#16 சும்மாஇரு (திருப்பூர்)

தாராளமா போடுங்க. என் பேர் வேண்டாம்.

#17 ஏவூர்தி (திருநெல்வேலி)

வக்கீல் ஐயா, நம் நாட்டு நீதிமன்றங்கள் கமாவை மதிக்குமா? அமெரிக்காவில் மட்டும்தான் இப்படியா?

#18 கறுப்புக்கோட்டு (மதுரை)

அமெரிக்காவில் அரசியல் சாசனத்துக்குள்ளேயே இந்தச் சண்டை உண்டு. ஆயுதம் வைத்திருக்கும் உரிமை பற்றிய இரண்டாம் திருத்தத்தில் மூன்று கமா. மாநிலங்களுக்குப் போன பிரதிகளில் கமா எண்ணிக்கை ஒரே மாதிரி இல்லை. 2007இல் வாஷிங்டன் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டாவது கமா அந்த வாக்கியத்தை முன்னுரை, உரிமை என்று இரண்டாகப் பிரிக்கிறது என்று எழுதியது. கனடாவில் ரோஜர்ஸ், பெல் அலையன்ட் என்ற இரண்டு நிறுவனங்களுக்கு இடையில் கம்பங்களில் கேபிள் இழுக்கும் ஒப்பந்தம். ஐந்து ஆண்டு முடியும் முன்பே ரத்து செய்யலாமா என்பது ஒரு கமாவில் நின்றது. 2006இல் தொலைத்தொடர்பு ஆணையம் கமாவைப் பார்த்து 'செய்யலாம்' என்றது. 2007இல் அதே ஒப்பந்தத்தின் பிரெஞ்சு வடிவத்தைப் பார்த்து 'முடியாது' என்று மாற்றிக்கொண்டது. பிரெஞ்சில் அந்தக் குழப்பம் இல்லை.

நம் நாட்டுக்கு வருகிறேன். 1952இல் உச்ச நீதிமன்ற நீதிபதி பி.கே. முகர்ஜி சொன்னதுதான் இன்றுவரை அடிப்படை. சட்டத்தைப் பொருள் கொள்வதில் நிறுத்தக்குறி சிறிய அம்சம்தான், தெளிவான பொருளை அது மாற்ற முடியாது. ஆனால் கவனமாகக் குறியிட்ட சட்டத்தில் பொருள் சந்தேகமானால் குறிக்கு எடை தரலாம்.

அந்த எடையைத் தந்த தீர்ப்பு 1979இல் வந்தது. மருந்து மற்றும் அழகுப்பொருள் சட்டம் 1940, பிரிவு 27. மகாராஷ்டிரத்திலிருந்து போன மேல்முறையீடு. ஒருவரிடம் மாத்திரைகள் இருந்தன. விற்பதற்காக வைத்திருந்தார் என்று நிரூபணம் இல்லை. பிரிவின் வரியைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்: 'மேனுஃபேக்சர்ஸ் ஃபார் சேல், செல்ஸ், ஸ்டாக்ஸ் ஆர் எக்ஸிபிட்ஸ் ஃபார் சேல் ஆர் டிஸ்ட்ரிபியூட்ஸ்'. முதல் இரண்டுக்குப் பிறகு கமா இருக்கிறது, ஸ்டாக்ஸுக்குப் பிறகு இல்லை. ஆகவே 'ஃபார் சேல்', அதாவது 'விற்பனைக்காக' என்பது, இருப்பு வைப்பதையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. வெறுமனே வைத்திருப்பது இந்தப் பிரிவில் குற்றமாகாது என்றது நீதிமன்றம். தண்டனை ரத்தானது.

மேய்ன் ஓட்டுநர்களுக்கு 38 ஆண்டு முன்பே, அதே மாதிரி விடுபட்ட ஒரு கமா.

#19 வாணி_யாழ் (யாழ்ப்பாணம்)

ஐயா, அதுக்குப் பிறகு அந்தப் பிரிவையும் மேய்னில செய்த மாதிரி மாத்தினவையோ?

#20 கறுப்புக்கோட்டு (மதுரை)

மாற்றினார்கள் அம்மா, 1982இல் பிரிவையே புதிதாக எழுதினார்கள். இப்போது 'ஆர் ஸ்டாக்ஸ் ஆர் எக்ஸிபிட்ஸ் ஆர் ஆஃபர்ஸ் ஃபார் சேல்' என்று போகிறது. வேலைகளைப் பிரிக்கிற பொறுப்பு கமாவிலிருந்து 'ஆர்' என்ற சொல்லுக்குப் போய்விட்டது. ஆனால் மேய்னில் போல வழி அடைபடவில்லை. 'விற்பனைக்காக' என்பது இருப்பு வைப்பதோடு ஒட்டித்தான் நிற்கிறது. @கடைசிப்புரூஃப், உங்கள் பலகையில் இடம் இருந்தால் பழைய வரியையும் புதிய வரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்போடுங்கள். விளக்கம் எழுத வேண்டாம். பிள்ளைகளே வாசித்து எது யாரைச் சிக்க வைக்கும், எது விடுவிக்கும் என்று வாதாடட்டும்.